மூன்றாவது பாட்டு

கல்யாண மண்டப மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் நான்கு பேர்: கீபோர்டு மாஸ்டர், அவருடைய அக்கா மகளான பாடகி, ரிதம் பேட் வாசிக்கும், எல்லோரும் டப்பா என்று கூப்பிடும் பையன், சவுண்ட்காரர். மாஸ்டரைத் தவிர மூவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னிக்கு நான் வாசிக்கல," என்றார் மாஸ்டர் மறுபடியும். "விரல் மடங்கல. நீ வீட்ல பாடிப் பழகறதுக்குப் பதிஞ்சு குடுத்தேன்ல, அதையே கீபோர்டுல ஓடவிட்டுட்டுச் சும்மா கைய ஆட்டிக்கிட்டு நின்னேன்."

பாடகி வளையல்களைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

"அடுத்தவன் இதப் பண்ணினா காறித் துப்புவேன். இன்னிக்கு நானே பண்ணிட்டேன். அந்தக் கைதட்டல நெனச்சா உடம்பெல்லாம் கூசுது."

"விடுங்க மாமா. யாருக்கும் தெரியாது."

"எப்படித் தெரியாம இருக்கும்? மூணாவது பாட்டுக்கு நம்பர் மாத்தி அமுக்கிட்டேன். ஹெட்போன்ல வேற பாட்டு ஓடுது. நிறுத்திட்டுத் தேடி எடுக்கறதுக்குள்ள வேர்த்துக் கொட்டிருச்சு. நீ என்னடான்னா அசராம பாடிக்கிட்டிருக்க."

"வந்தவங்க சாப்பிட வந்தவங்க மாஸ்டர்," என்றான் டப்பா. "நான் பேடைத் தூக்கிக்கிட்டு எறங்கிப் போயிருந்தாலும், என்கிட்ட தண்ணிதான் கேட்டிருப்பாங்க."

யாரும் சிரிக்கவில்லை. சவுண்ட்காரர் சுற்றி முடித்த வயரை அவிழ்த்து மறுபடியும் சுற்றினார்.

மாஸ்டர் வலது கை விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாக நீட்டிவிட்டுக்கொண்டார். "வேற ஆளப் போடணும்னா போட்டுக்கோ. மாமாவாச்சேன்னு பாக்காத."

"அப்படியெல்லாம் எதுவும் இல்ல."

"அப்ப நாளைக்கு நானே வாசிப்பேன். கை ஒடிஞ்சாலும் சரி. ஓசிக் கைதட்டல் எனக்கு வேண்டாம்."

அவள் தலையாட்டினாள். அவர் கீபோர்டு பையைத் தோளில் மாட்டினார். தூக்கிவிட வந்த டப்பாவின் கையைத் தட்டிவிட்டுப் போனார். பை கதவு நிலையில் இடித்தது.

காலடிச் சத்தம் அடங்கும்வரை சவுண்ட்காரர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வயரைக் கீழே போட்டார்.

"நாளைக்காவது அவர் வாசிக்கறத ஸ்பீக்கர்ல விடலாமா?"

பாடகி கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"வேண்டாம்ணா. எப்பவும் போல அவர் எனக்குப் பதிஞ்சு குடுத்ததையே ஓட்டுங்க."