பாதி டீசல் இன்ஜின்

"அந்தப் புரளியைக் கிளப்பினவன் நாசமாப் போக!"

கதவு திறந்ததும் அக்காவின் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையே இதுதான். மூன்று மாடி ஏறியும் கோபத்துக்கு மூச்சு வாங்கவில்லை.

"மெதுவாக்கா. கீழ்வீட்டுல குழந்தை தூங்குது" என்றான் தம்பி.

"தூங்கட்டும். என் தூக்கம் போச்சே!"

பாதி டீசலில் லாரியை ஓட்டும் இன்ஜின் என்று ஊரே வாய் பிளந்த கம்பெனி அது. தம்பிக்கு அதன் சோதனைக் கூடத்தில் வேலை. நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கைக்கு வந்ததையெல்லாம் அக்கா அதன் பங்குகளில் போட்டிருந்தாள். அவன் அப்போதே வேண்டாம் என்றான். சம்பள உயர்வுக்குப் பதிலாக அவனுக்கும் கம்பெனி பங்குகள் கொடுத்திருந்தது. "உனக்கு இருக்கலாம், எனக்குக் கூடாதா?" என்று சொல்லி அவள் அவன் பேச்சைக் கேட்கவில்லை.

இன்று காலையிலிருந்து விலை தலைகுப்புற விழுந்துகொண்டிருந்தது.

"லாரிக்குள்ள பேட்டரியை ஒளிச்சு வச்சுத்தான் ஓட்டிக் காட்டினாங்களாம். எவனோ பத்திரிகைக்காரங்ககிட்ட உளறியிருக்கான். யாருடா அந்தப் பாவி?"

தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"நான்தான்க்கா."

"என்னது?"

"புரளி இல்லை. அன்னிக்குச் சந்தேகம்தான் இருந்துச்சு, அதனாலதான் வேண்டாம்னு சொன்னேன். போன வாரம் பேட்டரியைக் கண்ணால பார்த்துட்டேன். மேலதிகாரிகிட்ட கேட்டேன், வாயை மூடுன்னாங்க. நேத்து வேலையை விட்டுட்டு எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

அக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"எல்லாருக்கும் சொல்லத் தெரிஞ்சவனுக்கு என்கிட்ட ஒரு நாள் முன்னாடி சொல்லத் தெரியலை! உன்னை இடுப்புல தூக்கி வளர்த்தவடா நான். முந்தாநாள் காதோட காதா சொல்லியிருந்தா, நல்ல விலைக்கு வித்துட்டு நிம்மதியா இருந்திருப்பேன்ல?"

அவன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் அதைத் தள்ளிவிட்டாள்.

"நீ மட்டும் வித்துட்டுத்தானே வாயைத் திறந்தே? காட்டுடா!"

மேஜையில் கிடந்த போனை நீட்டினான். அவள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள். ஒரு பங்குகூட விற்றிருக்கவில்லை. அவனுக்கு இருந்த சேமிப்பெல்லாம் அதுதான். அதுவும் பாதாளத்தில் கிடந்தது.

"அட பைத்தியக்காரா! தெரிஞ்சே ஏன்டா முழுகினே? என்னையும் ஏன்டா முழுக விட்டே?"

"முந்தாநாள் நாம வித்திருந்தா அதை யாரோ வாங்கியிருப்பாங்கல்லக்கா" என்றான் தம்பி. "உனக்காவது வந்து கத்தறதுக்கு என் வீடு இருக்கு. அவங்க எங்கே போய்க் கத்துவாங்க?"