மீதிப் பாதி

பிளஸ் ஒன்னோடு படிப்பை நிறுத்திய எஸ்தர், ஜெராக்ஸ் கடையில் பிள்ளைகளுக்குப் பொறியியல் கட்ஆஃப் போட்டுக் கொடுப்பாள். கணக்கு முழுசாக, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாக. நாகவல்லிக்குக் கணக்கில் எழுபத்தாறு, இயற்பியல் தொண்ணூற்றேழில் பாதி, வேதியியல் தொண்ணூற்றைந்தில் பாதி, மொத்தம் நூற்றெழுபத்திரண்டு. அவள் ஆசைப்பட்ட கல்லூரிக்கு நூற்றெழுபத்தைந்து வேண்டும்.

“மீதிப் பாதி எங்கக்கா போவும்?”

“அது சேராதும்மா.”

“அதுக்கும் நாந்தானக்கா படிச்சேன்?”

இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. எஸ்தருக்கே தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. விட்டுப்போன பாதிகளைக் கூட்டினாள். தொண்ணூற்றாறு. அதையும் தனித் தாளில் அச்செடுத்து, முதல் தாளின் பக்கத்தில் வைத்தாள்.

நாகவல்லி இரண்டையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“எவ்ளோம்மா வந்துச்சு?” வெளியே வண்டியிலிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

அவள் தொண்ணூற்றாறை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.