நீல ஐசிங்

பக்கத்து வீட்டுப் பொடியன் றிக்சனின் பிறந்தநாள் வீட்டில், குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று, சுலோஜனா கேக்கின் நீல ஐசிங் பூவை விரலால் வழித்து மகளின் வாயில் வைக்கிறாள். யன்னலுக்கு வெளியே துறைமுகத்துத் தண்ணீர் மாலை வெயிலில் மினுங்குகிறது. கூடத்துக் கதிரையில் சாய்ந்தபடி கணவன் இராகுலன், "என்ர பிள்ளை இனிப்பெண்டால் தொடவும் மாட்டாள்" என்று யாருக்கோ பெருமையடிக்கிறான். ஆறு வயதுக் கீர்த்தனி அவசரப்படாமல் விழுங்குகிறாள்; சட்டை விளிம்பைத் திருப்பி, உட்பக்கத்தால் வாயைத் துடைக்கிறாள். இதை எப்போது பழக்கினேன் என்று சுலோஜனா யோசிக்கிறாள். பிள்ளை ஓடிப்போய்த் தகப்பனின் மடியில் ஏறுகிறாள்.

"கேக் சாப்பிட்டனீங்களோ, குஞ்சு?"

"இல்லையப்பா." பல் தெரியாமல் சொல்கிறாள். அவன் தலையைத் தடவுகிறான். குசினி வாசலில் சுலோஜனா நீல விரலைச் சேலைத்தலைப்புக்குள் பொத்துகிறாள். அவன் கேளாமலே பிள்ளை மறுபடி சொல்கிறாள்:

"அம்மா தரவுமில்லை."