மாப்பிள்ளையின் கார் பந்தயம்

"அந்த கிராபிக்ஸ் கார்டைக் கழட்டுங்க. இனிமே இதுல கேமே ஓடக் கூடாது."

கம்ப்யூட்டர் மெக்கானிக் தயங்கினார். "சார்கிட்ட ஒரு வார்த்தை..."

"சாருக்காகத்தான் கழட்டச் சொல்றேன்."

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. முட்டி ஆபரேஷன் முடிந்து அப்பா உள் அறையில் படுத்திருக்கிறார். தினமும் ஆறு மணிக்கு பிசியோதெரபி பெண் வந்து அவர் காலை மடக்கி நீட்டுவாள். சரியாக அந்த நேரம் பார்த்து, மாப்பிள்ளை, அதாவது அவள் கணவர், ஹாலில் உட்கார்ந்து கார் பந்தயம் ஓட்டுவார். அந்தப் பழைய கம்ப்யூட்டரோ, மாவு மில் மாதிரி இரையும்.

இதற்கு முன்னால் டிவியை அலற விட்டுக்கொண்டிருந்தார். அவள் ரிமோட்டை ஒளித்து வைத்தாள். மறுநாளே கம்ப்யூட்டருக்குத் தாவிவிட்டார். வீடு பற்றி எரியும்போது சுருட்டுக்கு நெருப்பு கேட்ட கதைதான்.

மெக்கானிக் மூடியைத் திறந்தார். "கார்டுல இருக்கிற ஃபேன் தேஞ்சு போச்சு மேடம். கேம் போட்டா சூடாகி இப்படித்தான் கத்தும். போன வாரமே ஃபேனை மாத்திடலாம்னு சொன்னேன். சார்தான் வேண்டவே வேண்டாம்னுட்டார்."

"வேண்டாம்னாரா?" எரிகிற நெருப்பில் எண்ணெய் விழுந்தது.

"கார்டு இல்லாட்டியும் கம்ப்யூட்டர் ஓடும் மேடம். போர்டுலயே கிராபிக்ஸ் இருக்கு. மெயில், கணக்கு எல்லாம் பாக்கலாம். இந்த கேம் மட்டும் ஓடாது."

கார்டை உருவினார். மானிட்டர் வயரைப் போர்டிலேயே சொருகினார். உள்ளே ஏதோ செட்டிங்கை மாற்றினார். கம்ப்யூட்டர் பூனை போலச் சத்தமில்லாமல் எழுந்தது.

"ஒண்ணு சொல்லட்டுமா மேடம்? சார் இந்த கேம்ல முதல் ரவுண்டே தாண்டலை. கார் சுவத்துல முட்டிக்கிட்டே நிக்குது."

"அந்தத் திறமையும் இல்லையா?" என்றாள். கார்டைத் துணியில் சுற்றிப் பரண் மேல் போட்டாள். வீடு அமைதியானது. இன்றைக்காவது அப்பா நிம்மதியாக இருப்பார் என்று அவளுக்கு மனசு நிறைந்தது.

ஆறு மணிக்கு பிசியோ பெண் வந்தாள். வாசலிலேயே காதைத் தீட்டினாள்.

"இன்னிக்கு கம்ப்யூட்டர் ஓடலையா அக்கா?"

"அதுக்கு ஒரு முடிவு கட்டிட்டேன்."

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். வழக்கம்போலக் கதவு சாத்தப்பட்டது. சற்று நேரத்தில் வெளியே வந்துவிட்டாள்.

"அய்யா இன்னிக்கு வேண்டாங்கறார். காலைத் தொடவே விடலை."

மகள் உள்ளே ஓடினாள். "என்னப்பா?"

"ஒண்ணுமில்லம்மா. நாளைக்குப் பாத்துக்கலாம்." அப்பா சிரித்தார். தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்தவர். மனைவி செத்தபோதுகூட மகள் எதிரில் கண் கலங்காதவர்.

பிசியோ பெண் அவளைத் தனியே இழுத்தாள். "ஒரு நாள்கூட விடக் கூடாதுக்கா. இப்ப மடக்கலைன்னா முட்டி கட்டையா நின்னுடும். அப்புறம் அய்யா எழுந்து நடக்கிறது கஷ்டம்."

அப்போதுதான் மாப்பிள்ளை மூச்சிரைக்க வந்தார். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. நேராகக் கம்ப்யூட்டரைப் போட்டார். கேமைத் தட்டினார். ஓடவில்லை. குனிந்து பின்பக்கம் பார்த்தார்.

"கார்டு எங்கே?"

"பரண்ல. ஏன், மாட்டணுமா? அப்பா காலையே தொட விட மாட்டேங்கறார். நான் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன். உங்களுக்குக் கார் ஓட்டணுமா? நீங்களும் ஒரு மனுஷனா?"

அவர் பிசியோ பெண்ணைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அவர் விறுவிறுவென்று சமையலறைக்குள் போனார்.

மறு நிமிடம் மிக்ஸி அலறியது.

அவள் பின்னாலேயே ஓடினாள். ஜாரில் ஒன்றுமே இல்லை.

"காலி ஜாரை ஓட்டுறீங்களே, உங்களுக்குப் பைத்தியமா?"

அவர் மிக்ஸியின் குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் சட்டென்று சுவிட்சை அணைத்தாள்.

"அய்யோ... அம்மா... விட்டுடும்மா, உயிர் போகுதே!"

அப்பாவின் குரல். பிறந்ததிலிருந்து அவள் கேட்டறியாத குரல். அதுவும் பாதியில் நின்றது, யாரோ வாயைப் பொத்தியது போல.

கதவுக்குப் பின்னால் பிசியோ பெண் கெஞ்சினாள். "இன்னும் கொஞ்சம்தான் அய்யா..."

"வேண்டாம்மா, காலை விடு. சத்தம் நின்னுடுச்சு. என் பொண்ணுக்குக் கேட்டுடும்."

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"உன் காதுல விழக் கூடாதுன்னு ஆஸ்பத்திரியிலயே என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஒரு பிடி அரிசியை ஜாரில் போட்டாள். சுவிட்சைத் தட்டி, குமிழை மூன்றாம் வேகத்துக்குத் திருப்பினாள். பிறகு உள் அறையைப் பார்த்து உரக்கச் சொன்னாள்:

"அப்பா, எனக்கு இங்கே அரைக்கிற வேலை நிறைய இருக்கு! ஏதாவது வேணும்னா நல்லா சத்தமா கத்துங்க... இல்லைன்னா எனக்கு எதுவுமே கேக்காது!"