முள்ளும் குறியும்

"வயசானா ரெண்டுல ஒண்ணைத்தாங்க தெளிவாப் பாக்க முடியும். துப்பாக்கி நுனியில இருக்கற முள்ளா, எதிர்ல இருக்கற குறியா? எது வேணும்னு நீங்கதான் சொல்லணும்," என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

பெரியவர் லென்ஸ் மாற்றிப் பார்ப்பதற்கான வட்டச் சட்டத்தை மூக்கின்மேல் சுமந்துகொண்டு, தண்டனைக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். அவருக்கும் சேர்த்து மனைவிதான் பேசினாள். கடைக்குள் நுழைந்ததிலிருந்தே அப்படித்தான்.

"ரெண்டுமே வேணுங்க."

கடைக்காரர் சிரித்துவிட்டார். இளமையில் கண் முள்ளுக்கும் குறிக்கும் மாறி மாறி ஓடும், ஓடுவது நமக்கே தெரியாது, அறுபதைத் தாண்டினால் போன இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும் என்று விளக்கினார். தூரப்பார்வைக் கண்ணாடி போட்டால் முள் கரைந்துபோகும். படிக்கிற கண்ணாடி போட்டால் குறியே காணாமல் போகும். இரண்டு பவரும் சேர்ந்த கண்ணாடியோ தலையை மேலும் கீழும் ஆட்டவைக்கும், சுடுகிறவருக்கு அது ஆகாது. அதனால் தூரத்துப் பவரில் கொஞ்சம் கூட்டி, முள் பளிச்சென்று தெரிகிற மாதிரி போடுவதுதான் வழக்கம். குறி சற்று மங்கும். மங்கினால் மங்கட்டும் என்று விட்டுவிட வேண்டியதுதான்.

பெரியவரிடம் ஒரு பேனாவைக் கொடுத்துக் கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னார். பேனா நுனியை முள்ளாகவும், கடைசிச் சுவரில் தொங்கிய காலண்டரைக் குறியாகவும் வைத்துக்கொண்டு, பெட்டியிலிருந்து ஒவ்வொரு லென்ஸாக எடுத்து மாட்டினார்.

"நுனி தெரியுது. அது தெரியல," என்றார் பெரியவர்.

அடுத்ததற்கும் அதே பதில். அதற்கடுத்ததற்கும் அதேதான். காத்திருந்த ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். கடைக்காரருக்கு எரிச்சலாக வந்தது. மங்கல்தான் என்றாலும் காலண்டர் இருக்கிற இடம் தெரிகிறதே, அதன் நடுவுக்கு முள்ளைக் கொண்டுபோனால் போதாதா என்று கேட்டார். பெரியவர் போதாது என்று தலையாட்டினார். பேனாவைத் திருப்பி நீட்டினார்.

"விட்டுடலாம்," என்றார் மனைவியிடம். "எனக்குக் கண்ணு போச்சு. முதலாளிகிட்ட நானே சொல்லிக்கறேன்."

"சொல்லிட்டு எங்க போறது? உங்களுக்குன்னு யாராவது வீடு கட்டி வச்சிருக்காங்களா?"

பிறகு அவள் கடைக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். ஊர் ஊராகப் போய் ஆட்கள் முன்னால் சுட்டுக் காட்டுவதுதான் இவர் வேலை. போன வாரம், கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தூக்கிய துப்பாக்கியைச் சுடாமல் கீழே வைத்துவிட்டார். எல்லாரும் கூச்சல் போட்டார்கள். வருகிற சனிக்கிழமை முதலாளியே வந்து உட்காரப்போகிறார். அன்றைக்கும் சுடவில்லை என்றால் வேலை போய்விடும். படுக்கிற அறையும் முதலாளியுடையதுதான். இந்த வயதில் தங்களை யார் சேர்த்துக்கொள்வார்கள்?

கடைக்காரருக்குப் பெரியவர்மேல் பரிதாபமும் அந்த அம்மாள்மேல் கோபமும் வந்தன. முடியவில்லை என்கிற மனிதரை இப்படியா பிடித்துத் தள்ளுவாள்?

"அம்மா, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. சுடறது அவரு. குறி தப்பிப்போனா அவமானப்படறதும் அவரு. பக்கத்துல நின்னு விரட்டறது சுலபம்."

அவள் முகம் சிறுத்தது. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நியாயத்தைத்தானே கேட்டோம் என்று கடைக்காரருக்கு உள்ளூரத் திருப்தியாக இருந்தது. இனிப் பெரியவருக்குத் தைரியம் சொல்லவேண்டும்.

"ஐயா, நீங்க வீணாப் பயந்து சாகறீங்க. ரெண்டு விரக்கடை அப்படி இப்படிப் போனா என்ன குடிமுழுகிடும்? சுடற அட்டைக்கு வலிக்கவா போகுது?"

பெரியவர் சட்டத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கண்கள் கலங்கியிருந்தன. இத்தனை நேரம் லென்ஸ் வழியாகக் கொட்டக் கொட்ட விழித்துப் பார்த்ததால் நீர் வருகிறது என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார்.

"என்னால முடியாது," என்றார் பெரியவர். "உனக்கு எத்தனை தடவை சொல்றது?"

"முடியும். நல்ல கண்ணாடி மட்டும் கிடைக்கட்டும்," என்றாள் அவள். சட்டத்தை எடுத்து, குழந்தைக்கு மாட்டுவதுபோல் அவர் காதுகளில் மறுபடி மாட்டிவிட்டாள்.

கடைக்காரர் பொறுமையிழந்தார். அப்படி என்னதான் சுடுகிறார், எவ்வளவு தூரத்திலிருந்து சுடுகிறார் என்று சொன்னால்தானே அதற்கேற்ற பவரைப் போட முடியும் என்று கேட்டார்.

அவள் எழுந்தாள். மேசைமேல் இருந்த தண்ணீரைக் குடித்து டம்ளரைக் காலி செய்தாள். டம்ளரோடு கடைசிச் சுவர்வரை நடந்துபோய், காலண்டரை மறைத்தாற்போல் சுவரில் முதுகை ஒட்டி நின்று, டம்ளரைத் தன் உச்சந்தலையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு கண்களை மூடினாள்.

"இவ்வளவுதாங்க தூரம்," என்றாள், உதடுகள் மட்டும் அசைய. "எது டம்ளர், எது நெத்தின்னு அவருக்குப் பிரிஞ்சு தெரிஞ்சாப் போதும்."