பாஸ்டு

ஜெசிந்தாவின் கணவன் மரியசிலுவை மஸ்கட்டில் மூன்று முறை டிரைவிங் டெஸ்டில் தோற்றிருந்தான். இன்று நான்காவது முறை. மதியம், அவனோடு அறையில் தங்கியிருக்கும் கென்யாக்காரரிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. கணவனின் பெயரும் ‘பாஸ்டு’ என்ற சொல்லும் அவளுக்குப் புரிந்தன. பக்கத்து வீட்டு இங்கிலீஷ் டீச்சரிடம் ஓடினாள்.

“அவிய பாஸாயிட்டாவ டீச்சர், வாசிங்க.”

டீச்சர் வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். “மரியசிலுவை இன்னைக்குக் காலைல பாஸ்டு. உடனே கூப்பிடுங்கன்னு போட்டிருக்கு.”

“பாஸுன்னா பாஸுதானே?”

“ஆமா. ஆனா ஒருத்தர் இறந்துட்டாலும் இந்த வார்த்தையைத்தான் போடுவாங்க, ஜெசிந்தா. காலைல பேசினாரா?”

“ஆறு மணிக்குப் பேசினாவ. நெஞ்சு கரிக்குதுன்னாவ. வாயுவா இருக்கும், சோடா குடிங்கன்னேன்.”

கென்யாக்காரரைக் கூப்பிட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. வைத்த மறுநிமிடமே ஜெசிந்தாவின் போன் ஒலித்தது. மரியசிலுவையின் எண்.

“அவருதான். எடும்மா” என்றாள் டீச்சர், மூச்சு திரும்பியவளாக.

ஜெசிந்தா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அவிய போன்ல வேற யாரும் பேசலாம்லா, டீச்சர்.”