நாலாவது தட்டு

“பிழை, சனூஸா! பாரம் நாலாவதில விழோணும். திரும்பச் சொல்லு.”

பஹ்மி குசினி மேசையில் கரண்டியால் ஆறு தரம் தட்டினான். நாலாவது தட்டு மட்டும் பலமாக விழுந்தது. “ரெஸ்-பொன்-ஸி-பி-லி-ட்டி.”

அவன் மனைவி சனூஸா இந்தத் தடவையும் இரண்டாவதை அழுத்திச் சறுக்கினாள்.

“அது ‘ரெஸ்பொன்ஸிபிள்’ எண்டு சொல்லேக்கதான். பின்னால வால் நீண்டா பாரமும் பின்னுக்குப் போகும். இவ்வளவுதானே?”

“உங்களுக்கு இவ்வளவுதான். நாளைக்கு ஒன்பது மணிக்குத் துறைமுகக் கம்பனியில இன்டர்வியூ. நினைச்சாலே பயமாயிருக்கு. இந்த வேலையும் இல்லையெண்டா இன்ஷிராவை எப்பிடிப் படிப்பிக்கிற?”

மகளின் பேரைக் கேட்டதும் பஹ்மியின் முகம் வாடியது. அவன் வேலை பார்த்த கடையை மூடி ஏழு மாதம். அதன் பிறகு எந்த வேலைக்கும் விண்ணப்பிக்க அவன் துணியவில்லை.

“பயப்பிடாத. ஒரு கிழமையாப் படிக்கிறாய். வரும்.”

சனூஸா சிரித்தாள். “அந்தக் காலத்தில டியூஷன் வகுப்பில வாயே திறக்க மாட்டீங்க. வீட்டுக்குப் போற படகில மட்டும் எனக்கு வாத்தியார்!”

அது கிண்ணியாவுக்குப் பாலம் வராத காலம். எண்ணெய் மணக்கும் மிதவைப் படகில், கம்பியில் தட்டித் தட்டித்தான் அவளுக்கு நீண்ட சொற்களைச் சொல்லிக்கொடுப்பான். பிறகு பாலம் வந்தது. ஊருக்கு நல்லதுதான். ஆனாலும் அந்தப் பத்து நிமிடங்களைப் பறித்ததற்காக அவளுக்கு அதன்மேல் இன்னும் கோபம். இந்த ஒரு கிழமையில்தான் அது கொஞ்சம் ஆறியிருந்தது.

“அப்ப நீ கெதியாப் பிடிச்சிருவாய். இப்ப என்ன வந்தது?” என்றான் பஹ்மி.

“வயசு போகுதே. கடைசியா ஒருக்காச் சொல்லுங்க.”

அவன் சொன்னான். ஆறு அசையும் தடங்கலில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தன.

சனூஸா எழுந்துபோய் அலுமாரியிலிருந்து இன்டர்வியூக் கடிதத்தை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தாள். பிரித்துப் பார்த்தவன் அப்படியே கதிரையில் சாய்ந்தான். கடிதம் அவன் பேருக்கு வந்திருந்தது.

“எ... எ... எனக்கா? நீயா அப்ளிகேஷன் போட்டனீ? எ... என்ட திக்குவாய் உனக்குத் தெரியுந்தானே!”

“ஓம். ஆனா ஒரு கிழமையா எனக்குத் திருத்தித் திருத்தி அந்தச் சொல்லை எத்தனை தரம் சொல்லியிருப்பீங்க, ஒருக்காவது திக்கினீங்களா? நான் வேணுமெண்டு பிழை விட்டது அதுக்குத்தான்.”